சுருண்ட தக்காளிச் செடிகளும் களை மருந்து குறித்த எங்கள் வீட்டு வாக்குவாதமும்

தக்காளிச் செடிகளில் ஏதோ கோளாறு என்பதை நான் கவனித்தது ஒரு புரட்டாசி மாதக் காலையில். அகலமாக விரிய வேண்டிய கொழுந்து இலைகள் ஒடுங்கி, நரம்புகள் தடித்து ஒன்றுக்கொன்று இணையாக ஓடி, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, நூல் போல நீண்டிருந்தன. தண்டோ பிழிந்த துணியைப் போல முறுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாத்தியில் இருந்த வெண்டையின் புதிய இலைகளும் விரல்களை விரித்தாற்போலக் கிழிபட்டு நின்றன. சுரைக்கொடியின் நுனி மேலே எழும்பாமல் கொக்கி போலக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. பூ வைத்து, சிலவற்றில் காயும் பிடித்திருந்த நாற்பது தக்காளிச் செடிகள் அவை.

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. மக்காச்சோளமும் தக்காளியும் தென்னையும்தான் இங்கே பிரதான வெள்ளாமை. அண்ணன் நான்கு ஏக்கரில் விவசாயம் செய்கிறார். நான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பத்து சென்ட் இடத்தில், வீட்டுத் தேவைக்கான காய்களை மருந்து எதுவும் அடிக்காமல் வளர்த்துவருகிறேன். இலை சுருண்டதைப் பார்த்ததும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய் என்று முடிவுகட்டி, மோசமாக இருந்த ஆறு செடிகளைப் பிடுங்கி எரித்தும் விட்டேன். மறுநாள் நான்கு இலைகளைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், வேளாண்மைத் துறையில் பணிபுரியும் ஓர் அதிகாரியிடம் காட்டினேன். அவர் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியாக என்ன தெளித்தீர்கள் என்று கேட்டார். வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கரைத்த நீர் மட்டும்தான் என்றேன். அடுத்ததாக, எந்தத் தெளிப்பான் டேங்க்கில் தெளித்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

என் கைத்தெளிப்பானின் வாஷர் போயிருந்ததால், அண்ணன் வீட்டு பேட்டரி டேங்க்கை வாங்கிவந்து தெளித்திருந்தேன். அதற்கு நான்கு நாள்களுக்கு முன்புதான் அவர் அதே டேங்க்கில் மக்காச்சோளத்துக்கு 2,4-டி என்ற களை மருந்தை அடித்திருந்தார். ஒருமுறை தண்ணீர் விட்டு அலசி வைத்திருந்ததாக அவர் சொன்னார். நானும் ஒருமுறை அலசினேன். ஆனால் குழாயிலும் வடிகட்டியிலும் முனையிலும் தங்கியிருந்த சொற்ப மருந்தே நாற்பது செடிகளையும் முறுக்கப் போதுமானதாக இருந்தது.

நோய்க்கும் மருந்துப் பாதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அந்த அதிகாரி அன்று விளக்கியது எனக்கு மிகவும் பயன்பட்டது. நச்சுயிரி நோயாக இருந்தால் அங்கொரு செடி, இங்கொரு செடி என்று தொடங்கிச் சில நாள்களில் மெல்லப் பரவும். தக்காளிக்கு வந்த அதே நோய் வெண்டைக்கும் சுரைக்கும் ஒரே வாரத்தில் வந்து நிற்காது. மருந்துப் பாதிப்போ, இனம் வேறான செடிகளிலும் ஒரே சமயத்தில் தோன்றும். முற்றிய இலைகளை விடக் கொழுந்தில்தான் அதிகமாகத் தெரியும். 2,4-டி என்பது செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின் என்ற இயற்கைப் பொருளைப் போல நடித்து, அகன்ற இலைத் தாவரங்களைத் தாறுமாறாக வளரச்செய்து கொல்கிறது. புல் இனங்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மக்காச்சோளத்துக்கு அதை அடிக்க முடிவதற்குக் காரணமே அதுதான். என் தோட்டத்திலும் ஓரமாக நின்ற நான்கைந்து சோளத்தட்டுகளுக்கு எதுவும் ஆகவில்லை. இந்த அடையாளங்களை முன்பே அறிந்திருந்தால் ஆறு செடிகளை எரிக்கும் முன் ஒரு கணம் யோசித்திருப்பேன்.

செடிகள் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால், அதில் ஏற்கெனவே பிடித்திருந்த காய்களைச் சமைக்கலாமா கூடாதா என்ற கேள்விதான் எங்கள் வீட்டில் பல மாதங்களுக்கு நீண்ட விவாதத்தைத் தொடங்கிவைத்தது.

"இத்தனை வருசமா அடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆச்சு அம்மிணி?" என்று அண்ணன் கேட்டார். களை மருந்து எல்லாமே புற்றுநோய் தரும், ஒரு துளியும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் சொன்னேன். அவர் சொன்னதில் வெறும் பிடிவாதம் மட்டும் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். மக்காச்சோளத்துக்கு விதைத்த இருபதாம் நாளை ஒட்டி ஒன்று, நாற்பதாம் நாளை ஒட்டி ஒன்று என இரண்டு களை எடுக்க வேண்டும். அந்த நாள்களில் மழை பிடித்துக்கொண்டால் களை பயிரை விழுங்கிவிடும். களை வெட்ட வந்துகொண்டிருந்த பெண்களில் பெரும்பாலோர் இப்போது திருப்பூர் பனியன் கம்பெனி வண்டிகளில் ஏறிப்போகிறார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. வெயிலில் குனிந்து களை வெட்டுவதை விட அங்கே கூலி நிச்சயமானது. ஆள் கிடைக்காத ஒரு சம்சாரியிடம் போய், மருந்தைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

எங்கள் இருவரின் பேச்சிலும் அடிப்படையான ஒரு பிழை இருந்தது. "களை மருந்து" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல ரசாயனங்களைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் மக்காச்சோளத்துக்கு விதைத்தவுடன் அடிப்பது அட்ரசின். முளைத்த பிறகு அடிப்பது 2,4-டி. தென்னந்தோப்பிலும் வரப்பிலும் அடித்துக்கொண்டிருந்தது கிளைபோசேட். அவசரத்துக்கு ஒருமுறை கடைக்காரர் கொடுத்தது பாராகுவாட். நான் அலைபேசியில் படித்துவிட்டு அவரிடம் காட்டிய செய்திகள் அனைத்தும் கிளைபோசேட்டைப் பற்றியவை. என் தக்காளியைக் கெடுத்ததோ 2,4-டி. பாராகுவாட்டை எடுத்துக்கொண்டால், அங்கே உணவில் தங்கும் எச்சம் பற்றிய விவாதத்துக்கே இடமில்லை. வாய்க்குள் போன ஒரு மடக்கு உயிரைப் பறிக்கக்கூடியது, அதற்கு முறிவு மருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அதற்கு அனுமதி இல்லை. இலங்கையிலும் அதைப் படிப்படியாக விலக்கிவிட்டார்கள். அந்த ஒரு மருந்தை மட்டும் வீட்டில் வைக்கவே வேண்டாம் என்று நான் சொன்னதை அண்ணன் அன்றே ஏற்றுக்கொண்டார். எனவே யாராவது களை மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், டப்பாவில் கொட்டை எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் அதன் சதவீதத்தையும் முதலில் படிக்கச் சொல்கிறேன்.

புற்றுநோய் குறித்த கேள்வியை நான் பல வாரங்கள் படித்துத்தான் ஓரளவு புரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 மார்ச் மாதத்தில் கிளைபோசேட்டை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்னும் 2ஏ பிரிவில் சேர்த்தது. அதே ஆண்டில் 2,4-டி மருந்தை அதைவிட ஒரு படி கீழான 2பி பிரிவில் வைத்தது. அடுத்த ஆண்டே, உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் இணைந்து நடத்தும் எச்சங்களுக்கான நிபுணர் குழு, உணவின் வழியாக உடலில் சேரும் கிளைபோசேட்டால் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்று சொன்னது. ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சாட்சி சொல்வதைப் போல எனக்குத் தோன்றியது. பிறகுதான், இருவரிடமும் கேட்கப்பட்ட கேள்விகளே வெவ்வேறானவை என்று விளங்கியது. முதல் அமைப்பு, இந்தப் பொருளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் இயல்பு உண்டா என்று மட்டும் ஆராய்கிறது. எவ்வளவு பட்டால் ஆபத்து என்று அது சொல்வதில்லை. சிவப்பு இறைச்சியும், இரவுப்பணியும், 65 பாகைக்கு மேல் சூடான பானங்களும் அதே 2ஏ பிரிவில்தான் இருக்கின்றன. இரண்டாவது குழு, சோற்றிலும் பருப்பிலும் வரும் அளவுக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறது. பாம்புக்கு நஞ்சு உண்டா என்பது ஒரு கேள்வி. அந்தப் பாம்பு நம் வீட்டுக்குள் எத்தனை முறை வருகிறது என்பது இன்னொரு கேள்வி.

மருந்தைக் கையாளுவோர் மீது நடந்த ஆய்வுகளும் ஒரே திசையில் பேசவில்லை. அமெரிக்காவில் மருந்து தெளிக்கும் உரிமம் பெற்ற 54,000-க்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வெளியானபோது, நிணநீர்ச் சுரப்பிப் புற்றுக்கும் கிளைபோசேட்டுக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை என்றது. மறு ஆண்டு, பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்ட வேறொரு குழு, மிக அதிகமாக மருந்து பட்டவர்களிடம் அந்தப் புற்றின் அபாயம் 41 சதவீதம் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. இதற்கிடையில், கலிபோர்னியாவில் பள்ளிக்கூட வளாகங்களைப் பராமரித்து, கிளைபோசேட் தெளித்ததால் புற்றுநோய் வந்ததாக வழக்குத் தொடுத்த தொழிலாளிக்கு 2018-இல் நடுவர் குழு 28.9 கோடி டாலர் இழப்பீடு வழங்கியதும், மேல்முறையீட்டில் அது 2 கோடியே 5 லட்சம் டாலராகக் குறைந்ததும் செய்தித்தாள்களில் வந்தன. அந்த வழக்குகளின் வழியே வெளிவந்த ஆவணங்கள், கிளைபோசேட் பாதுகாப்பானது என்று பல ஆண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்டுவந்த 2000-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை எழுதுவதில் அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஊழியர்களுக்கே வெளியில் சொல்லப்படாத பங்கு இருந்ததைக் காட்டின. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்றும் தணியவில்லை. மருந்தின் நஞ்சை விட இது மோசமான காரியம் என்று நினைக்கிறேன்; ஏனென்றால், பாதுகாப்பானது என்று இனி உண்மையிலேயே தெரியவந்தாலும் சாதாரண மக்கள் அதை நம்ப முடியாத நிலையை அது உருவாக்கிவிட்டது.

ஆனாலும் கோபம் கணக்கு ஆகாது என்பதால், ஒரு நாள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு உட்கார்ந்தேன். கனடா போன்ற நாடுகளில் மசூர் பருப்பும் பட்டாணியும் அறுவடைக்கு நிற்கும்போது, களையை அழிக்கவும் செடி சீராகக் காய்வதற்கு உதவியாகவும் கிளைபோசேட் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது; அங்கிருந்து நம் நாட்டுக்குப் பருப்பு இறக்குமதியாகிறது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், காய்ந்த மசூர் பருப்பில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை அனுமதித்துவந்தது. அந்த உச்ச அளவு முழுவதும் இருக்கும் பருப்பை ஒருவர் தினமும் 50 கிராம் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால், உள்ளே போவது கால் மில்லிகிராம். வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணித்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லிகிராம். கால் மில்லிகிராம் என்பது அதில் 120-இல் ஒரு பங்கு. பத்து கிலோ எடையுள்ள குழந்தை 20 கிராம் பருப்பு சாப்பிட்டால் அந்த அளவில் 50-இல் ஒரு பங்கு வரும். இந்தக் கணக்கைப் போட்டபோது, பருப்பைப் பற்றி நான் கொண்டிருந்த பயம் அளவுக்கு மீறியது என்று அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன்.

அதே சமயம், இந்தக் கணக்கு எல்லாவற்றையும் முடித்துவைக்கவில்லை என்பதையும் அவருக்குச் சொன்னேன். எல்லை அளவுகள் பெரும்பாலும் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே வைத்துத்தான் வகுக்கப்படுகின்றன. நம் தட்டில் வருவதோ பல மருந்துகளின் கலவை. டப்பாவில் இருப்பது கிளைபோசேட் மட்டுமல்ல, இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சேர்க்கும் துணைப்பொருள்களும் உண்டு. அவற்றில் ஒன்றான, மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்யப்படும் அமீன் வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் கிளைபோசேட் கலவைகளில் சேர்க்கக்கூடாது என்று விலக்கியது. கிளைபோசேட் தடுக்கும் நொதி மனித உடலில் இல்லை என்பது உண்மைதான்; ஆனால் நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சிலவற்றில் அது இருக்கிறது. இவை எல்லாம் இன்னும் ஆய்வில் இருக்கும் விஷயங்கள். மேலும், செடியின் சாறோடு உள்ளே போன கிளைபோசேட்டைக் கழுவியோ தோலைச் சீவியோ கொதிக்கவைத்தோ பெரிதாகக் குறைக்க முடியாது. உப்பு மஞ்சள் கரைத்த தண்ணீரில் போட்டு எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்வது, மேலே படிந்திருக்கும் மருந்துக்கு ஓரளவு பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

என் சுருண்ட தக்காளியின் காய்களுக்கு வருகிறேன். அவற்றை நான் சமைக்கவில்லை. அதிலிருந்த எச்சம் ஆபத்தான அளவுதான் என்று நிரூபிக்க என்னிடம் சான்று எதுவும் இல்லை. மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும். ஆனால், ஒரு மருந்தை ஒரு பயிருக்குப் பரிந்துரைக்கும்போது, தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்ற காத்திருப்புக் காலத்தையும் சேர்த்தே வகுக்கிறார்கள். தக்காளியையே கொல்லக்கூடிய ஒரு மருந்துக்குத் தக்காளியில் அப்படி ஒரு கணக்கு யாரும் போட்டுவைக்கவில்லை. கணக்கே இல்லாத இடத்தில் ஒதுங்கிக்கொள்வதை நான் பயம் என்று நினைக்கவில்லை. கிளைபோசேட்டுக்கும் இதே அளவுகோல்தான்: இந்தியாவில் அது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும் மட்டுமே அனுமதி பெற்றது, கேரளம் 2019-இல் அதைத் தடைசெய்தது, மத்திய அரசு 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று அறிவித்தது. அப்படியிருந்தும் கேட்ட மாத்திரத்தில் அது கைக்குக் கிடைக்கிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

பருப்பையும் தக்காளியையும் பற்றி இவ்வளவு பேசிய நான், எங்கள் வீட்டில் யாருக்கு அதிகம் மருந்து படுகிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. அதை அண்ணிதான் சுட்டிக்காட்டினார். மருந்து அடித்துவிட்டு வரும் அண்ணனின் சட்டை முதுகு, டேங்க் மூடியில் கசிந்த மருந்தால் திட்டுத்திட்டாக நனைந்திருக்கும். அடைத்துக்கொண்ட முனையை அவர் வாயால் ஊதிச் சரிசெய்வார். அந்தச் சட்டையை அண்ணி வெறுங்கையால், குழந்தைகளின் துணியோடு சேர்த்து ஊறவைத்துத் துவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மில்லிகிராமைப் பங்கு பிரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே வீட்டில், மருந்து கையிலும் முதுகிலும் நேரடியாகப் பட்டுக்கொண்டிருந்தது. உணவில் இருக்கும் எச்சத்தைப் பற்றி நகரத்தில் எவ்வளவு பேசுகிறார்களோ அதில் பாதியாவது தெளிப்பவரின் தோலைப் பற்றிப் பேச வேண்டும் என்று அன்று முதல் கருதுகிறேன். இப்போது அண்ணன் மருந்தைக் கலக்கும்போது நீளமான ரப்பர் கையுறை அணிகிறார். முனையை ஊதுவதற்குப் பதிலாகப் பழைய பல்துலக்கியால் தேய்க்கிறார். அந்தச் சட்டையும் வேட்டியும் தனி வாளியில் கிடந்து, அவராலேயே துவைக்கப்படுகின்றன. வெயிலில் முகமூடி போட முடியவில்லை என்று இன்னும் சொல்கிறார். அதில் நான் தோற்றுத்தான் இருக்கிறேன்.

இன்னொரு விஷயம் எந்தக் கட்டுரையிலும் நான் படிக்காதது. எங்கள் வரப்பில் நேரில் பார்த்தது. எங்கள் பக்கத்தில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணைக்கீரை ஆகியவற்றை யாரும் விதைப்பதில்லை. மழைக்குத் தானாக முளைப்பதை வரப்பிலும் காட்டோரத்திலும் பறித்துக் கடைந்து உண்கிறோம். வேளாண் நூல்களின் கணக்கில் இவை களைகள். கிளைபோசேட் பட்ட செடி உடனே கருகுவதில்லை. மஞ்சளாகி வாட நான்கைந்து நாள் முதல் பத்து நாள் வரை ஆகும். அதுவரை இலை பச்சையாகவே, பார்ப்பதற்குத் தளதளவென்று நிற்கும். அண்ணன் வரப்புக்கு மருந்தடித்த மூன்றாம் நாள், பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர் அதே வரப்பில் மடி நிறையத் தொய்யக்கீரை பறித்துக்கொண்டிருந்ததை நான் தற்செயலாகப் பார்த்தேன். ஓடிப்போய்த் தடுத்து, கீரையைக் கொட்டச் சொன்னபோது, "பாக்கறதுக்கு நல்லாத்தானே சாமி இருக்குது" என்று அவர் மடியை விரித்துக் காட்டினார். கடையில் வாங்கும் பருப்புக்கு எல்லை அளவு உண்டு, பரிசோதனை உண்டு. தெளித்த மருந்து நேராக மேலே படிந்திருக்கும் அந்தக் கீரைக்கு எதுவும் இல்லை. ஆடு மாடுகளை அவிழ்த்து விடுபவர்களுக்கும் இதே நிலைதான்.

மருந்தைத் தடைசெய்துவிட்டால் போதாதா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இலங்கையின் அனுபவத்தைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. அங்கே வட மத்திய மாகாணத்தில் நெல் விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியபோது, கடின நீரும் உலோகங்களும் கிளைபோசேட்டும் சேர்ந்து அதை உண்டாக்கலாம் என்ற கருதுகோளை ஆய்வாளர்கள் சிலர் 2014-இல் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே அரசு கிளைபோசேட்டைத் தடைசெய்தது. நோயின் காரணம் குறித்து விஞ்ஞானிகளிடையே இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. தேயிலை மலைகளிலோ களை மண்டியது. சில தோட்டங்கள் வேறு களைக்கொல்லிகளுக்கு மாறின. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ. மருந்தின் எச்சம் ஜப்பானுக்குப் போன தேயிலையில் தென்பட்டுப் புதிய சிக்கல் முளைத்தது. 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. களை மண்டிய சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களும், முன்னர் மருந்தைச் சுமந்து தெளித்தவர்களும் பெரும்பாலும் மலையகத் தமிழர்களே. இரண்டு முடிவுகளின் சுமையும் அவர்கள் முதுகில்தான் இறங்கியது. தடை வேண்டாம் என்பது என் வாதமல்ல. களையை வேறு எப்படி எடுப்பது, அதற்கான கூலியை யார் தருவது என்ற ஏற்பாடு இல்லாமல் வரும் தடை, ஒரு டப்பாவை எடுத்துவிட்டு இன்னொரு டப்பாவை அங்கே வைக்கிறது.

பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பதைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடும் வழக்கமான பல்லெச்சப் பரிசோதனையில் கிளைபோசேட் பிடிபடாது. தண்ணீரில் எளிதில் கரையும் அதன் தன்மையால் அதற்குத் தனி முறை, தனிக் கட்டணம். ஆகவே, "எச்சம் ஏதும் காணப்படவில்லை" என்ற தாளை ஒரு விற்பனையாளர் காட்டினால், தேடப்பட்ட மருந்துகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேடாத பொருள் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை.

வீட்டுத் தோட்டத்துக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து வண்டிக் கணக்கில் எருவோ வைக்கோலோ மண்ணோ வாங்கினால், அதில் களைக்கொல்லி தங்கியிருக்கிறதா என்பதை அவரை இனச் செடிகளே சொல்லிவிடும். அந்த எருவோடு பாதிக்குப் பாதி நல்ல மண்ணைக் கலந்து மூன்று தொட்டிகளிலும், நம்பிக்கையான மண்ணை மட்டும் வேறு மூன்று தொட்டிகளிலும் நிரப்பி, ஆறிலும் பீன்ஸோ தட்டைப்பயறோ விதைத்து மூன்று வாரம் பார்க்கிறேன். முதல் மூன்றில் இலை குவிந்து சுருண்டோ தண்டு முறுக்கியோ வந்து, மற்ற மூன்றில் சரியாக இருந்தால் அந்த எருவைத் தக்காளிப் பாத்தியில் போடுவதில்லை; தென்னைக்கு ஒதுக்கிவிடுகிறேன். இது 2,4-டி போன்ற வளர்ச்சியைக் குலைக்கும் மருந்துகளைத்தான் நன்றாகக் காட்டும். மண் துகளோடு இறுகப் பிணைந்துகொள்ளும் கிளைபோசேட்டை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வைத்துக்கொள்வதை விடச் சிறந்த வழி ஒன்றும் இல்லை. அதற்கு வசதி இல்லாதவர்கள் தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு நிறுத்திவிடக்கூடாது. முதலில் நல்ல நீரால் அலசி, பிறகு சலவை சோடா கரைத்த நீரை நிரப்பிக் குழாய் வழியாகவும் சிறிது வெளியேற்றி, ஓர் இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் வடிகட்டியையும் முனையையும் கழற்றித் தனியே கழுவி, மறுபடி இரண்டு முறை நீரால் அலச வேண்டும். அந்தக் கழுவு நீரை வாய்க்காலில் விடக்கூடாது; எந்த நிலத்துக்கு மருந்து அடித்தோமோ அங்கேயே ஊற்ற வேண்டும். அப்படிக் கழுவிய டேங்க்கையும் நான் தக்காளிக்கும் வெண்டைக்கும் பயன்படுத்தமாட்டேன். அண்டைக் காட்டில் 2,4-டி அடிக்கும் நாளில், குறிப்பாக ஆவியாகிப் பரவும் எஸ்டர் வகையாக இருந்தால், காற்று நம் பக்கம் வீசுகிறதா என்று பார்த்து, முடிந்தால் பேசி நாளை மாற்றிக்கொள்ளச் சொல்வது நல்லது. பருத்தியும் திராட்சையும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை என்னை விட நன்றாகத் தெரியும்.

களைக்கு நான் செய்வது, மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு. தென்னை மட்டையும் சருகும் நான்கு விரற்கடை உயரத்துக்குப் போட்டால் பாதிக் களை முளைப்பதே இல்லை. கோரை மட்டும் அதையும் துளைத்துக்கொண்டு வரும். அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை மேலே எதை ஊற்றினாலும் மறுபடி தளிர்க்கும், ஆகவே மழை பெய்த மறுநாள் ஈரத்தில் கிழங்கோடு தோண்டி எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. வினிகரும் உப்பும் கலந்து ஊற்றுவதை இயற்கை முறை என்று பரிந்துரைக்கிறார்கள். உப்பு மண்ணிலேயே தங்கி, களையோடு நாம் நடுகிற செடியையும் கெடுக்கும். அதைத் தோட்டத்துக்குள் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் இந்த ஆண்டு தென்னந்தோப்பில் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டுத் தட்டைப்பயறு விதைத்து மடக்கி உழுதார். மக்காச்சோளத்தில் இன்னும் அடிக்கிறார். அங்கே எங்கள் விவாதம் முடியவில்லை; வரிசை இடைவெளியைக் கூட்டிச் பவர் வீடர் என்ற சிறிய களையெடுப்பு இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கலாமா என்ற இடத்தில் நிற்கிறது.

அண்ணன் தன் பழைய டேங்க்கின் மூடிக்கும் கைப்பிடிக்கும் சிவப்பு பெயின்ட் அடித்து, மாட்டுக் கொட்டகையின் பின்சுவரில் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறார். எனக்கு வேறொரு கைத்தெளிப்பான் வாங்கிக் கொடுத்தார். வரப்புக்கு மருந்து அடிக்கும் நாளில் இரு முனைகளிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுகிறார். இருபது நாள் கழித்து, ஒரு மழையும் பெய்த பிறகுதான் அதை அவிழ்க்கிறார். சென்ற வாரம் அந்தப் பெரியம்மா கூடையோடு வந்து, துணி கட்டியிருந்த வரப்பைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினார். மூடாக்கின் ஓரத்தில் முளைத்திருந்த பண்ணைக்கீரையை இருவரும் சேர்ந்தே பறித்தோம்.